மேல்வீட்டுக்காரரின் எம்பித்ரீ

போன் என்றாலே சாப்பாட்டக்காவுக்குச் சந்தேகம். யாரைப் பற்றியாவது நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால், முதலில் போனை எடுத்து, முன்பு பேசிய அழைப்பு கட்டாகிவிட்டதா என்று பார்ப்பாள். பக்கத்தில் வேறு யாருடைய போனாவது கிடந்தால் அதைக் குப்புறக் கவிழ்த்து வைப்பாள். தங்கச்சியிடம் பேசும்போதும், "உன் பக்கத்துல யாரும் இல்லையே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் ஆரம்பிப்பாள். இவ்வளவு ஜாக்கிரதையான மனுஷி, தன் அடுக்களை அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் தினமும் சார்ஜில் கிடந்த எம்பித்ரீயை மட்டும் ஒரு பொருளாகவே மதிக்கவில்லை. எப்போதாவது துணியால் தூசி தட்டுவாள், அவ்வளவுதான்.

மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது அது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், நீல நிறம், ஒரு மூலையில் பூச்சு உரிந்துவிட்டது. பாட்டுப் போடலாம், குரல் பதியலாம், உள்ளேயே சின்னதாக ஒரு ஸ்பீக்கர் உண்டு. மகள் பாடங்களை உரக்க வாசித்து அதில் பதிந்துகொண்டு படுத்தபடியே கேட்பாள். கைக்குப் போன் வந்ததும் அதைத் தூக்கி மேஜை டிராயரில் போட்டாள். பிறகு கல்யாணம் முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். டிராயரில் கிடந்ததை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர் அவளுடைய அப்பா.

அப்பாவுக்கு டவர் கிரேன் ஓட்டும் வேலை. கட்டடம் உயர உயரக் கிரேனும் உயரும். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் தரையைப் பார்ப்பார். அதனால் சைட்டில் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர். சாப்பாட்டுக்குக்கூட இறங்க மாட்டார். ஏறி இறங்குவதற்குள் சாப்பிட்டது செரித்துவிடும் என்று சிக்னல்காரன் கேலி செய்வான். மதியம் கேபினிலிருந்து ஒரு கயிறு இறங்கும், அதில் சாப்பாட்டுப் பையைக் கட்டிவிட்டால் மேலே போய்விடும். காற்று பலமாக அடிக்கும் நாளில் பை ஆடுகிற ஆட்டத்தில் குழம்பு பாதி வழியிலேயே சிந்திவிடும். கட்டிக்கொடுப்பது அவர் மனைவிதான். அதே சைட்டில், தகரக் கொட்டகையில், அத்தனை பேருக்கும் சோறு பொங்கிப் போடுகிறவள் அவள். சைட்டில் எல்லாருக்கும் அவள் சாப்பாட்டக்கா.

கிரேன்காரர்களும், கீழே நின்று அவர்களுக்கு வழி சொல்லும் சிக்னல்காரர்களும் போனை வாசலிலேயே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேறெங்கோ ஒருத்தன் போனைப் பார்த்தபடியே கம்பிக்கட்டை இறக்கிச் சுவரை இடித்துவிட்டான், அன்றிலிருந்து இந்தச் சட்டம். மேல்வீட்டுக்காரரின் எம்பித்ரீயைப் பாதுகாப்பு அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் கால் வருமா, படம் தெரியுமா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை என்றதும், காதில் எதையும் மாட்டாமல், கிரேன் நிற்கும் நேரத்தில் மட்டும் மெதுவாக வைத்துக் கேட்கலாம் என்று விட்டுவிட்டார். எல்லாம் போனுக்குள்ளேயே வந்துவிட்ட காலத்தில் இதை யாராவது சுமந்துகொண்டு திரிவார்களா என்று போர்மேன் சிரித்தார். ஆனால் சிக்னல்காரனுக்கு ஆசை. தனக்கும் ஒன்று வேண்டுமென்று கடை கடையாக ஏறி இறங்கினான். இதையெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள் என்று கடைக்காரர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம். மேல்வீட்டுக்காரர் அதில் என்ன கேட்கிறார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பாட்டுத்தான் கேட்பார், வேறென்ன என்று விட்டுவிட்டார்கள்.

அன்று மதியம் வெயில் தகரத்தைப் பிளந்தது. கொட்டகைக்குள் நீள மேஜைகளில் ஆட்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா குண்டானுக்குப் பின்னால் நின்று பருப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். போர்மேன், சிக்னல்காரன், கான்கிரீட் கோஷ்டித் தலைவன் எல்லாருடைய வாக்கிடாக்கியும் மேஜைமேல் கிடந்தது. சைட் முழுவதற்கும் ஒரே சேனல். திடீரென்று அத்தனையிலும் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு குழாய்த் தண்ணீர். பிறகு ஒரு பெண்ணின் சிரிப்பு.

"அந்தப் போர்மேன் இருக்காரே," என்றது வாக்கிடாக்கி, "ஆளுக்கு ரெண்டு முட்டைதான்டி. அந்தாளு மூணாவதை எடுத்து, மேல சோத்தைப் போட்டு மூடிக் கொண்டு போறாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. முகத்தை மட்டும் பச்சப்புள்ள மாதிரி வெச்சுக்குவாரு."

கொட்டகை வெடித்துச் சிரித்தது. போர்மேன் தன் தட்டைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா இன்னும் யார் குரல் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். தன் குரலை வெளியிலிருந்து கேட்டுப் பழகாதவர்களுக்கு அது தெரிய நேரமாகும். அடுத்ததாகத் தங்கச்சியின் குரல் வந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. கரண்டி அந்தரத்தில் அப்படியே நின்றது.

மாமா எப்படி இருக்கார் என்று தங்கச்சி கேட்டாள்.

"அவருக்கென்ன. வர்றாரு, உக்கார்றாரு, சாப்பிடுறாரு, படுக்கிறாரு. சுவத்துக்கிட்ட பேசுறேன்னு நினைச்சுக்கிட்டுப் பேசிப் பேசி, இப்ப அதையும் விட்டுட்டேன். அவரு வீட்டுல இருந்தா எனக்கு வாயே வர மாட்டேங்குதுடி. செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய கிளம்பினாத்தான் மூச்சு வருது. ஒரு நாள் இறங்காம மேலயே தங்கிட்டாருன்னா, ஒருத்தர் சோறு மிச்சம்னு நினைச்சுக்குவேன் போல."

அதற்குப் பிறகு வாக்கிடாக்கியில் அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து சிரித்தார்கள். மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வர, நெடுநேரம் சிரித்தார்கள். இந்த முறை கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. சோற்றில் இருந்த கைகள் அசையவில்லை. போர்மேன் தன் வாக்கிடாக்கியை அணைத்தார். மற்றவற்றை அணைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்களுக்கும் கை போகவில்லை.

நடந்தது இதுதான். மேலே கேபினில் மேல்வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்து, எம்பித்ரீயை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தொடைக்கும் இருக்கைக் கைப்பிடிக்கும் நடுவே வாக்கிடாக்கி சிக்கி, பேசுகிற பொத்தான் அழுந்தியிருந்தது. அது அழுந்தியிருக்கும் வரை கீழேயிருந்து யார் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது. சிக்னல்காரன்தான் எழுந்து வெளியே ஓடினான். கையை ஆட்டிப் பார்த்தான், கத்திப் பார்த்தான். கடைசியில் ஒரு பெரிய ஸ்பானரை எடுத்துக் கிரேன் தூணில் ஓங்கி ஓங்கி அடித்தான். இரும்பில் ஏறிய அதிர்வு மேலே போய்ச் சேர்ந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

ஒரு கரகரப்புக்குப் பிறகு மேல்வீட்டுக்காரரின் குரல் வந்தது. "என்னப்பா தட்டுறீங்க? என்னைக் கூப்பிட்டீங்களா?"

 போர்மேன் பக்கத்தில் கிடந்த வாக்கிடாக்கியை எடுத்தார். "ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிடுங்க," என்றார்.

அக்கா கரண்டியைக் குண்டானுக்குள் விட்டாள். வரிசையில் நின்றவனுக்குப் பருப்பு ஊற்றினாள், அடுத்தவனுக்கும் ஊற்றினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, முகம் மட்டும் அடுப்பில் வைத்த மாதிரி எரிந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடித்து எழுந்து போகும் வரை நின்றாள். பிறகு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கூட வேலை செய்த பெண் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தாள்.

சாயங்காலம் மேல்வீட்டுக்காரர் ஏணியில் இறங்கி வந்ததும் சிக்னல்காரன் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போது அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் அவருடைய ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.  எதுவரை கேட்டது என்று மட்டும் அவர் கேட்டார். சிரிச்சது வரைக்கும்ண்ணே என்றான் அவன்.

வீட்டில் அக்கா விளக்குப் போடாமல் அடுக்களையில் நின்றிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றியவர் கூடத்தைத் தாண்டி வரவில்லை. எப்போதும் அவர் முதலில் செய்வது எம்பித்ரீயைக் கொண்டுபோய் அலமாரியில் சார்ஜில் போடுவது. அன்று அதைக் கைக்குள் மூடிக்கொண்டே நின்றார்.

"எப்பலேர்ந்து?" என்று அவள் கேட்டாள்.

அவர் மெதுவாக, விட்டுவிட்டுச் சொன்னார். முதல் முறை தெரியாமல்தான் நடந்தது. சார்ஜில் போடும்போது பதிகிற பொத்தான் அழுந்திவிட்டிருக்கிறது. மறுநாள் மேலே போய்ப் பாட்டு என்று நினைத்து அழுத்தினால், இவள் அரிசி களைகிற சத்தம் கேட்டது. யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. மேலே காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது, வாக்கிடாக்கியில் தூக்கு, இறக்கு, இடது, வலது என்பதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அன்று கேபினுக்குள் வீடே வந்த மாதிரி இருந்ததாம். அடுத்த நாள் தெரிந்தே பொத்தானை அழுத்திவிட்டுப் போனார். அதற்கடுத்த நாளும்.

"தினமுமா?"

"ம்."

"அவ பேசினதுமா?"

தங்கச்சியைத்தான் கேட்கிறாள். பாத்திரம் தேய்க்கிற ஈரக்கையோடு போனைப் பிடிக்க முடியாதென்று, அதை அலமாரியில் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். வீட்டில்தான் யாரும் இல்லையே. அவர் ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார். அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நான் உங்களைச் சொன்னதை எத்தனை தடவை கேட்டீங்க?"

"அதை எண்ணலை." பிறகு, "அதுல நீ சிரிக்கிறே," என்றார். "நான் இருக்கும்போது நீ அப்படிச் சிரிச்சதில்ல."

"வெளிய போறேன்னு தினமும் போவீங்களே, டீ குடிக்கப் போறேன்னு. எங்க போவீங்க?"

 அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பஸ் ஸ்டாப்புல உக்காந்திருப்பேன். நான் இருந்தா நீ பேச மாட்டியே. நீ பேசணும்னுதான் கிளம்பிப் போவேன்."

இதைக் கேட்டு அவளுக்கு இரக்கம் வந்திருக்கலாம். வரவும் செய்தது. ஆனால் அதற்கு முன்பாகவே வெட்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. தான் மூச்சு விடுகிறோம் என்று நினைத்த நேரமெல்லாம் ஒரு ஆள் ஏற்பாடு செய்து கொடுத்த நேரமா? கதவைச் சாத்திக்கொண்டு பேசியதெல்லாம் கதவே இல்லாத வீட்டிலா? கேட்கணும்னு இருந்தா எதிர்ல உக்காந்து கேட்டிருக்கலாமே என்று சொல்ல நினைத்தாள். எதிரே உட்கார்ந்தவரிடம் தான் என்றைக்கு என்ன பேசினோம் என்றும் நினைத்துப் பார்த்தாள்.  அவர் கையைத் திறந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்றார். ஊரே கேட்டதை எங்கே போய் அழிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு அவள் விளக்கைப் போட்டாள். அன்று சோறு வைத்தாள், இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

வேறு சைட்டுக்கு மாற்றல் கேட்கிறேன் என்றார் அவர் மறுநாள் காலையில். நீங்க வேணா போங்க, நான் போகமாட்டேன், ஓடினால் தப்புச் செய்தவள் நான் என்று ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு அக்கா முதல் ஆளாகக் கிளம்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். யாராவது கேலி செய்தால் பதிலுக்குக் கொடுக்க வேண்டுமென்று வழியெல்லாம் நாலைந்து வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போனாள். ஒருவரும் கேலி செய்யவில்லை. வாங்க போங்க என்று மரியாதை கூடிவிட்டது. வழக்கமாக இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா என்று தட்டை நீட்டுகிறவன்கூடப் போதும் போதும் என்று நகர்ந்தான். போர்மேன் கடைசி ஆளாக வந்து, ஒரே ஒரு முட்டையை எடுத்துச் சோற்றுக்குமேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. மனுஷன் உடம்புக்கு மூன்று முட்டை பெரிய விஷயமா? கூப்பிட்டு இன்னொன்று வைக்கலாம் என்று கரண்டியை எடுத்தாள், கூப்பிட வாய் வரவில்லை.

எம்பித்ரீக்கும் தடை வந்தது. பாதுகாப்பு அதிகாரி சிரிக்காமல் அறிவித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிக்னல்காரன் அதன்பிறகு கடைகளில் கேட்பதை விட்டுவிட்டான்.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. முன்பும் அவரோடு பேச்சு இல்லைதான், ஆனால் அவர் போனபிறகு ஒரு மணி நேரம் வீடு கலகலவென்று இருக்கும். இப்போது அவர் வெளியே போனாலும் அவள் வாயைத் திறப்பதில்லை. பாத்திரம் தேய்க்கும்போது உப்பு டப்பா, சீனி டப்பா ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து பார்த்து மூடுவாள். அவளுக்கு உலகத்தில் மனம் விட்டுப் பேச இருந்தது தங்கச்சி ஒருத்திதான். அவள் கூப்பிட்டாலும் அக்கா, சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வேலை இருக்கு என்று வைத்துவிடுவாள். தங்கச்சிக்கு எதுவும் தெரியாது. அக்காவுக்கு என்மேல் என்ன கோபம் என்று அவள் அக்காவின் மகளிடம் கேட்டாள், மகள் அம்மாவிடம் கேட்டாள். இப்படியே விட்டால் அவளையும் இழந்துவிடுவோம் என்ற பயம் அக்காவுக்கு வந்தது.

அதனால்தான் ஒரு சாயங்காலம், வெளியே கிளம்பியவரை அவள் நிறுத்தினாள். "எங்கயும் போக வேண்டாம். உக்காருங்க. நான் அவகிட்ட பேசப் போறேன். கேக்கணும்னா முன்னால இருந்து கேளுங்க."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். தங்கச்சி எடுத்ததும் படபடவென்று ஆரம்பித்தாள். என்னக்கா ஆச்சு, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா என்று கேட்டாள். மாமாவும் பக்கத்தில் இருக்கிறார் என்று அக்கா சொன்னதும், அந்தப் பக்கம் குரல் உடனே புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்ட மாதிரி ஆகிவிட்டது. அப்படியா, சரிக்கா, அப்புறம் பேசறேன் என்றாள்.

"வைக்காதே. சும்மா பேசு," என்றாள் அக்கா.

இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். தண்ணீர் வருகிறதா என்று பேசினார்கள். அதற்குமேல் போகவில்லை. அக்கா போர்மேனைப் பற்றி ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.  அவருக்கு உட்கார்ந்திருக்கவே முடியவில்லை. இத்தனை நாள் மேலே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவருக்குத் தங்கச்சி வீட்டில் நடப்பதெல்லாம் அத்துப்படி. ஏதாவது ஒன்று நாம் பேசினால் பெண்கள் இரண்டு பேரும் பேசிவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

"ஏம்மா, டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார். "ரிப்போர்ட் வந்துடுச்சா?"

மனசு நிறைந்த அக்கறையோடு கேட்ட கேள்வி அது. கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. தங்கச்சிக்கு மார்பில் ஒரு கட்டி. அதை அவள் தன் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரும்வரை யாருக்கும் தெரியக் கூடாது என்று அழுது, சத்தியம் வாங்கிக்கொண்டு, அக்காவிடம் மட்டும் சொன்னது.

போனில் ஒன்றும் கேட்கவில்லை. கட்டாகிவிட்டதோ என்று அக்கா குனிந்து பார்த்தாள். கட்டாகவில்லை.

"அக்கா," என்றது குரல், ரொம்பச் சின்னதாக. "மாமாகிட்ட நீயா சொன்னே?"

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்து எதையோ சொல்லப் போனார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஆமாடி," என்றாள். "நான்தான் சொன்னேன். வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"உன்கிட்ட மட்டும்தானேக்கா சொன்னேன்," என்றாள் தங்கச்சி. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு போன் கட்டானது.

அக்கா அதை எடுத்து, கட்டாகிவிட்டதா என்று வழக்கம்போலப் பார்த்துவிட்டு, மேஜைமேல் வைத்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவர் நாற்காலியில் கையை ஊன்றியபடி, உண்மையைச் சொல்லியிருக்கலாமே, நான்தான் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாமே, திருப்பிப் போடு, நானே சொல்கிறேன் என்றார். சொல்லும்போது அவருக்கு அழுகை முட்டியது.

"சொல்லி?" என்றாள் அவள். "இத்தனை நாள் அவ உடம்பைப் பத்தி, புருஷனைப் பத்திப் பேசினது எல்லாத்தையும் நீங்க உக்காந்து கேட்டீங்கன்னு அவளுக்குத் தெரியணுமா? நான் பட்டது போதாதா? அக்காவுக்கு ஓட்டை வாய்னு நினைச்சுக்கிட்டுப் போறா. போகட்டும்."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தேய்க்க வேண்டிய பாத்திரம் நிறையக் கிடந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுக்களையிலிருந்து தண்ணீர் விழும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.